வேங்க்விஷ் ஆட்டத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்: சேகா நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

சேகா நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் என்ற வீடியோ கேம் விருது விழாவில் உங்கள் பழைய வீடியோ ஆட்டங்கள் ஐந்தைப் புதிதாகக் கொண்டுவரப் போவதாக அறிவித்தீர்கள். கிரேஸி டாக்ஸி, கோல்டன் ஆக்ஸ், ஜெட் செட் ரேடியோ, ஷினோபி, ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ். ஒவ்வொரு பெயரும் திரையில் வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேறொரு பெயருக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

அந்தப் பெயர் வேங்க்விஷ். ஒசாகாவில் இருக்கும் பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கி, ஷின்ஜி மிகாமி இயக்கி, நீங்கள் 2010 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் வெளியிட்ட துப்பாக்கி ஆட்டம். அதன் உரிமை இன்றும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். இரண்டாம் பாகம் கேட்கத்தான் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த ஆட்டத்தைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொன்னார்கள், ஆடியவர்கள் என்ன சொன்னார்கள், இரண்டுக்கும் நடுவே ஏன் இத்தனை தூரம் என்பதைப் பேச வேண்டும். 2010இல் எழுதப்பட்ட தீர்ப்பை மட்டும் பார்த்து நீங்கள் முடிவு எடுத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

விமர்சகர்கள் இந்த ஆட்டத்தைத் திட்டவில்லை. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி இரண்டு கன்சோல்களிலும் நூற்றுக்கு 84. நல்ல மதிப்பெண்தான். வேகத்தைப் புகழ்ந்தார்கள், கதாநாயகன் சாம் கிடியனின் வெள்ளை இயந்திர உடையைப் புகழ்ந்தார்கள், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டைகளைப் புகழ்ந்தார்கள். அப்புறம் ஒரு "ஆனால்" வந்தது. ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இணையத்தில் மற்றவர்களோடு ஆட வழியில்லை. கதை பலவீனமாக இருக்கிறது. விமர்சனத்துக்கு விமர்சனம் கிட்டத்தட்ட இதே மூன்று குறைகள்.

அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வேங்க்விஷ் கடைக்கு வந்தது அக்டோபர் 19. அதே நாளில் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் வந்தது. வாரக்கணக்கில் சுற்றித் திரியக்கூடிய ஒரு பாலைவனம் அது. மூன்று வாரத்தில் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் வந்தது. இரவெல்லாம் நண்பர்களோடு ஆடலாம். எல்லாம் 60 டாலர். பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கைப் பார்த்தால் வேங்க்விஷ் தோற்கத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நேரக் கணக்கு முக்கியம். அதைச் சொன்னதற்காக விமர்சகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 2006இல் கியர்ஸ் ஆஃப் வார் வந்த பிறகு, இந்த வகைத் துப்பாக்கி ஆட்டம் என்றாலே நம் கைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இடுப்பளவு சுவரைப் பார்த்தால் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், தலையை நீட்டிச் சுட வேண்டும், அடிபட்டால் குனிந்து உட்கார்ந்து உயிர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். வேங்க்விஷ் ஆட்டத்திலும் இடுப்பளவு சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. பார்த்ததும் கை பழைய வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. முதல் தடவை நானும் அப்படித்தான் ஆடினேன். ஆட்டம் என்னைத் தடுக்கவில்லை. சாதாரண நிலையில் ஒளிந்து ஒளிந்தே கடைசிவரை போய்விடலாம். முடித்தபோது "நன்றாக இருந்தது, ஆனால் சின்னது" என்றுதான் எனக்கும் தோன்றியது. விமர்சனங்களில் படித்ததும் அதேதான், அதனால் சந்தேகப்படவும் இல்லை.

இரண்டாவது தடவை ஒரு சண்டையில் குண்டு தீர்ந்துபோய், வேறு துப்பாக்கியை எடுப்பதற்காக எதிரிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தப் பத்து நொடியில்தான் இந்த ஆட்டம் என்ன என்பது எனக்குத் தெரிந்தது.

சாம் முழங்காலை மடித்துத் தரையோடு தரையாகப் பறக்கிறான். உடையிலிருந்து நெருப்பு பீறிடுகிறது. சறுக்கியபடியே குறிபார்த்தால் உலகம் மெதுவாகிவிடுகிறது. எதிரில் வரும் ராக்கெட்டை நடுவழியில் சுட்டு வீழ்த்தலாம், சிவப்பு ரோபோக்களின் தலையை ஒவ்வொன்றாகக் குறிவைக்கலாம், பட்டனை விட்டதும் மறுபடி பழைய வேகம். ஆனால் சறுக்குவதற்கும் நேரத்தை மெதுவாக்குவதற்கும் உடையில் இருப்பது ஒரே சக்திதான். அது முழுவதும் தீர்ந்தால் உடை சூடேறி நின்றுவிடும், சில நொடிகளுக்கு சாம் வெறும் மனிதன். தீருவதற்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்திக்கொண்டால் சட்டென்று நிரம்பிவிடும். ஆட்டம் முழுவதும் அந்த நூலிழையில்தான் இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்ட பிறகு சுவர்களுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. ஒரு சறுக்கலுக்கும் அடுத்த சறுக்கலுக்கும் நடுவே ஒரு மூச்சு வாங்கிக்கொள்ள ஒதுங்கும் இடம் அது. அல்லது தாண்டிக் குதித்து, குதிக்கும்போதே நேரத்தை மெதுவாக்கிச் சுடுவதற்கான மேடை. சுவருக்குப் பின்னால் நிற்கும்போது சாம் சிகரெட் பற்றவைப்பான். பார்த்தவர்கள் எல்லாரும் அதை வெறும் ஸ்டைல் என்று நினைத்தார்கள். அந்தச் சிகரெட்டைத் தூக்கிப் போட்டால் ரோபோக்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பும், அந்த இடைவெளியில் நாம் மறுபக்கமாகப் பாயலாம். இந்த ஆட்டத்தில் அலங்காரம் போலத் தெரியும் பல விஷயங்கள் உள்ளே ஒரு வேலையும் செய்துகொண்டிருக்கின்றன.

பலர் குறையாகச் சொன்ன இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறேன். கையால் ஒரே ஒரு அடி அடித்தால் உடையின் மொத்தச் சக்தியும் போய்விடுகிறது. இது அநியாயம் என்று விமர்சகர்களும் எழுதினார்கள், ஆடியவர்களும் புலம்பினார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அதை மாற்ற வேண்டாம் என்பேன். அந்த அடி அவ்வளவு பலமானது, அதனால் அதற்கு விலை இருக்கிறது. அடித்த பிறகு எங்கே போய் நிற்பாய் என்று யோசித்துவிட்டு அடி என்கிறது ஆட்டம். விலை இல்லாமல் கொடுத்திருந்தால் துப்பாக்கியை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

ஆயுதக் கணக்கும் அப்படித்தான். மூன்று துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். ஒரு துப்பாக்கியில் குண்டு நிறைந்திருக்கும்போது அதே துப்பாக்கி இன்னொன்று கிடைத்து எடுத்தால் அதன் தரம் உயரும். செத்துப்போனால் தரம் இறங்கும். ஆகவே பிடித்த துப்பாக்கியைச் சுடாமல் காப்பாற்றி, பிடிக்காததை வைத்துச் சமாளித்து, கீழே விழுந்து கிடக்கும் கூட்டாளி வீரனைத் தூக்கிவிட்டு அவன் தருவதை வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு சிக்கன வாழ்க்கை சண்டைக்கு நடுவே நடக்கிறது. ஒரு தடவை முடித்த பிறகு திறக்கும் காட் ஹார்ட் என்ற மிகக் கடினமான நிலையில் இந்தத் தரம் உயர்த்தும் வசதியே கிடையாது. அங்கே ஒளிந்து ஆடுகிறவருக்கு வழியில்லை. அதைத் தாண்டியவர்கள் டாக்டிக்கல் சேலஞ்ச் என்ற தனிச் சண்டைகளுக்குப் போகிறார்கள். அந்த ஆறாவது சேலஞ்ச்சை முடிக்க நாள்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் போய் இது ஆறு மணி நேர ஆட்டம் என்று சொன்னால் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

தன் ஆட்டத்துக்கு முதல் வாரத்தில் ஒரு தீர்ப்பும் பிறகு வேறொரு தீர்ப்பும் கிடைப்பது மிகாமிக்குப் புதிதும் இல்லை. 2005இல் ரெசிடென்ட் ஈவில் 4 ஆட்டத்தில் தோளுக்குப் பின்னால் அவர் வைத்த கேமராவை அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆட்டங்கள் எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு அவர் இயக்கிய காட் ஹேண்ட் ஆட்டத்துக்கு ஐஜிஎன் என்ற விமர்சன இணையதளம் பத்துக்கு மூன்று கொடுத்தது. இன்று காட் ஹேண்ட் என்று சொல்லிப் பாருங்கள், அடிதடி ஆட்டங்களை நேசிப்பவர்களின் முகம் மலரும். கற்றுக்கொள்ள நேரம் கேட்கும் ஆட்டத்தை, வெளியீட்டு நாளுக்குள் எழுதி முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஒருவரால் முழுதாகப் பார்த்துவிட முடியாது. அது அவர் தவறு இல்லை. ஆனால் அந்த முதல் வார எழுத்தே கடைசித் தீர்ப்பாக நின்றுவிடுவது தவறு.

ரசிகன் என்பதால் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கதை பற்றி விமர்சகர்கள் சொன்னது சரிதான். விண்வெளியில் சுழலும் பிராவிடன்ஸ் என்ற குடியேற்றத்தை வில்லன் விக்டர் சைட்சேவ் கைப்பற்றி, அதன் சூரிய ஆற்றலை நுண்ணலையாக்கி சான் ஃபிரான்சிஸ்கோவை அழிக்கிறான். தொடக்கம் அதிர வைக்கிறது. அப்புறம் சாமும் அவனோடு வரும் படைத்தலைவன் ராபர்ட் பர்ன்ஸும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு கரகரத்த குரலில் பேசுவதே மிச்சம். காதில் கை வைத்து ரேடியோவில் பேசியபடி சாம் மெதுவாக நடக்கும் இடங்கள் என்னை இன்றும் சோதிக்கின்றன. உலகத்திலேயே வேகமாகச் சறுக்கக்கூடிய ஒருவனை ஓடவிடாமல் நடக்க வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை! ஆர்கஸ் என்ற முதல் பெரிய பாஸ், நாலு காலில் நின்று பிறகு மனித உருவாக எழும்போது மெய்சிலிர்க்கும். அதையே பின்னால் திரும்பக் கொண்டுவரும்போது அந்தச் சிலிர்ப்பு இல்லை. சாம்பல் நிற இரும்பு நடைபாதைகள் அதிகம். ஒரே அடியில் கொல்லும் கதிர்கள், திரையில் காட்டும் பட்டனை அந்த நொடியில் அழுத்தாவிட்டால் சாவு என்ற காட்சிகள், இவை ஆடுபவரின் திறமைக்கு மதிப்புத் தருவதில்லை. இத்தனையும் நடந்து முடிந்த பிறகு சைட்சேவ் தப்பித்துப் போய்விடுகிறான். கதை பாதியில் நின்று 15 ஆண்டு ஆகிவிட்டது.

ஆடியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். உடை சூடேறி நின்றுவிடுவது வேடிக்கையைக் கெடுக்கிறது என்று இன்றும் நேர்மையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை, ஆனால் அவர்களுக்கு ஆட்டம் அதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி அறையில் சறுக்குவது எப்படி, மெதுவாக்குவது எப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். இரண்டையும் கோத்து, சக்தி தீருமுன் நிறுத்துவதுதான் உயிர்நாடி என்பதை யாரும் சொல்வதில்லை. அதை ஆடியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, வீடியோ எடுத்துப் போட்டு, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஆட்டத்தின் பெயரை இத்தனை ஆண்டு காப்பாற்றியது அந்த வீடியோக்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டமே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இதே பிளாட்டினம் கேம்ஸ் இதற்கு ஓர் ஆண்டு முன்பு உங்களுக்காகச் செய்த பேயோனெட்டாவைப் பாருங்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரு பதக்கம் வரும். கல் பதக்கம் வந்தால் நாம் மோசமாக ஆடினோம் என்று தெரியும், பிளாட்டினம் வந்தால் பெருமையாக இருக்கும். இன்னும் நன்றாக ஆட முடியும் என்ற செய்தி அந்தப் பதக்கத்தில் இருக்கிறது. வேங்க்விஷ் வெறும் புள்ளிக் கணக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த எண் நல்லதா, கெட்டதா? யாருக்குத் தெரியும்? ஒளிந்து ஆடியவருக்கும் பறந்து ஆடியவருக்கும் கிடைப்பது ஏதோ ஒரு பெரிய எண். ஒளிந்து ஆடிய ஒரு விமர்சகருக்குக் கல் பதக்கம் கொடுத்திருந்தால் அவர் எழுதிய விமர்சனம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

2017 மே மாதம் பிசியில் வெளியிட்டீர்கள். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கன்சோலில் நொடிக்கு 30 படங்களில் ஓடிய ஆட்டம் 60இல் ஓடியபோது, சறுக்கலின் ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரிந்தது. வந்த சில நாளிலேயே ஆடியவர்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். படங்களின் எண்ணிக்கை கூடக்கூட சாமுக்கு விழும் அடியும் கூடிக்கொண்டே போனது. 60இல் ஆடினால் 30இல் ஆடியதைவிட இரண்டு மடங்கு அடி. நீங்கள் கேட்டுக்கொண்டு சரிசெய்தீர்கள். ஆடுபவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க உங்களால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஏழு ஆண்டு பழைய ஆட்டத்தில் இவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கும் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் இதே சம்பவம் சொல்கிறது.

2020 பிப்ரவரியில் பேயோனெட்டாவோடு சேர்த்துப் பத்தாண்டு நிறைவுத் தொகுப்பாக வந்தது. படம் கூர்மையானது, வேகம் சீரானது. மற்றபடி அதே ஆட்டம். பதக்கம் இல்லை, புதிய சேலஞ்ச் இல்லை, கற்றுக்கொடுக்கும் அறை இல்லை. பத்து ஆண்டில் ஆடியவர்கள் கண்டுபிடித்த எதுவும் அந்தத் தொகுப்புக்குள் வரவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். இரண்டாம் பாகம் எடுங்கள். எடுக்கும்போது 2010 விமர்சனங்களைக் கையில் வைத்துக்கொண்டு, குறை சொன்ன இடங்களை எல்லாம் அடைத்துக்கொண்டு போகாதீர்கள். சின்னது என்றார்களே என்று 30 மணி நேரத்துக்கு இழுக்காதீர்கள். திறந்த உலகம் வேண்டாம். இணையத்தில் மோதும் பகுதி வேண்டாம், எல்லாரும் ஆடுவது ஒரே உலகம் என்றால் நேரத்தை மெதுவாக்குவது எப்படி நடக்கும்? மாதாமாதம் உடை விற்கும் கடையும் வேண்டாம். ஆறு மணி நேரமே இருக்கட்டும், விலையை அதற்கேற்ப வையுங்கள். ஒவ்வொரு சண்டைக்கும் தரம் கொடுங்கள். சக்தியைக் கையாளும் விதத்தை முதல் அரை மணி நேரத்தில், பேச்சில்லாமல், ஒரு சண்டை மூலமாகவே கற்றுக்கொடுங்கள். அந்த நடக்கும் காட்சிகளை எடுத்துவிடுங்கள். சைட்சேவ் எங்கே போனான் என்று சொல்லுங்கள்.

முழு ஆட்டம் இப்போது முடியாது என்றால் அதுவும் புரிகிறது. இருக்கும் பிசி பதிப்பில் பதக்கமும் பத்துப் புதிய சேலஞ்ச்களும் சேர்த்தால்கூடப் போதும். அதைக் காசு கொடுத்து வாங்க நாங்கள் இருக்கிறோம்.

காலம் தாழ்த்த வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பேயோனெட்டாவின் இரண்டாம் பாகத்துக்கு நிண்டெண்டோ பணம் போட்டதால் அது 2014இல் பிழைத்து வந்தது. வேங்க்விஷ் ஆட்டத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. மிகாமி 2010இலேயே டாங்கோ கேம்வொர்க்ஸ் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கி, 2023இல் அதையும் விட்டு வெளியே வந்துவிட்டார். அதே ஆண்டு பேயோனெட்டாவை இயக்கிய ஹிடெக்கி காமியாவும் பிளாட்டினத்தை விட்டுப் போனார். அந்தச் சறுக்கல் எத்தனை நொடி நீள வேண்டும், உடை எந்தக் கணத்தில் சூடேற வேண்டும் என்று உட்கார்ந்து அளந்த கைகள் ஒவ்வொன்றாக வேறு வேறு இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த அளவுகள் எந்த ஆவணத்திலும் முழுதாக இருக்காது. செய்தவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் உருவாக்கியவர்களின் பெயர்கள் வரும் பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். விண்கற்கள் பறந்து வருகின்றன, ஒவ்வொன்றிலும் உருவாக்கியவர்களில் ஒருவரின் முகம், நாம் சுட்டுத் தள்ள வேண்டும். பெரும்பாலான ஆட்டங்களில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் எழுந்துவிடுவேன். இதில் ஒருமுறைகூட எழுந்ததில்லை. இந்த மடலை எழுதத் தொடங்குவதற்கு முன்பும் கடைசிச் சண்டையை ஆடி முடித்து, அந்த முகங்கள் எல்லாம் வந்து போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்களில் சிலரையாவது மறுபடி ஓர் அறையில் கூட்டி உட்கார வைக்க உங்களால் முடியும்.

பதிலை எதிர்பார்க்கும்,
வேங்க்விஷ் ரசிகன் ஒருவன்